அரைச்சுத்து அண்ணனின் ஸ்டியரிங்

“...வளைவு வந்தப்புறம் திருப்புறவன் டிரைவர் இல்ல மாப்ள. வரப்போகுதுன்னு தெரிஞ்சு, முன்னாலயே கையக் கொண்டு போறவன்தான் டிரைவர்” என்று பின் சீட்டிலிருந்து சொன்னார் அரைச்சுத்து அண்ணன். சொல்லிவிட்டு அவர் என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மதுரை ஜில்லாவில் ஓடிய கார்களிலேயே யாராலும் திருட முடியாத கார் அவருடையதுதான். கதவுக்குப் பூட்டு கிடையாது. சாவி எந்நேரமும் வண்டியிலேயே தொங்கும். திருடுகிறவன் தெரு முனையைத் தாண்ட மாட்டான், அவ்வளவுதான். ஸ்டியரிங் வீலை அரைச் சுற்றுச் சுற்றினாலும் வண்டி பாட்டுக்கு நேராகப் போகும். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்ததுபோலத் திரும்ப ஆரம்பிக்கும். “என் வண்டிக்குக் கொஞ்சம் காது மந்தம். முன்கூட்டியே சொல்லிரணும்” என்பார். பழங்காநத்தத்தில் அவருக்கு அரைச்சுத்து என்று பேர் வந்தது அப்படித்தான். பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் அதே தெருவில் குடியிருந்து, சோடா கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அண்ணனுடையது வெள்ளைக்காரன் காலத்துப் பிளசர் கார். ஆமை முதுகு, பின் சீட்டு ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் அகலம். மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்த வண்டிதான் வேண்டும் என்பார்கள்.

ஒருமுறை கோச்சடை மாப்பிள்ளை ஒருத்தர் ஆசைப்பட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டார். எதிரே வைக்கோல் வண்டி. அண்ணன் சாவகாசமாக வீலை இடது பக்கம் சுற்றுகிறார், கார் வைக்கோலைப் பார்த்து நேராகப் போகிறது. மாப்பிள்ளை கதவைத் திறந்து மாலையோடு குதித்துவிட்டார். வண்டி அதன் நேரத்துக்கு அழகாகத் திரும்பி, மண்டப வாசலில் போய் நின்றது. “மாப்பிள்ளை எங்கண்ணே?” என்று பெண் வீட்டார் பதறினார்கள்.

“நடந்து வாராரு. கொஞ்சம் அவசரக்காரரு.”

மெக்கானிக் பாய் பார்க்கும்போதெல்லாம் கெஞ்சுவார். “அண்ணே, வீல்லருந்து கீழ பெட்டி வரைக்கும் போற ராடு மொத்தமும் தேஞ்சு போச்சு. மாத்திருவோம்ணே.”

“மாத்துனா எவன் வேணாலும் ஓட்டுவானே பாய். அப்புறம் நான் எதுக்கு?”

அண்ணன் சம்சாரம் பாக்கியத்தக்கா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடியே சொல்லும்: “வண்டிக்குக் காது மந்தமாம். முப்பது வருசமா நான் சொல்றேன், இவருக்கு எம்புட்டு மந்தம்னு எந்தப் பாயும் பாக்க மாட்டேங்குறாரே!”

அந்த அக்காவுக்குத்தான் வயிற்றில் கட்டி வந்தது. கட்டியைக் கருக்கக் கரண்டு வைக்க வேண்டும், ஒரு மாதம் தினமும் அழைத்து வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அக்காவால் உட்கார முடியாது. ஆட்டோ குலுக்கும். வேறு டாக்சியில் ஏறினால் அந்த வாடைக்கே குமட்டியது. அண்ணன் வண்டியில் பின் சீட்டில் படுத்துக்கொண்டு போவது ஒன்றுதான் வழி.

முதல் நாள் அண்ணனே ஓட்டிப் போனார். ஆற்றுப்பாலம் ஏறுகிற திருப்பத்தில் அக்கா சீட்டிலிருந்து உருண்டு கீழே விழுந்துவிட்டது. சத்தமே போடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோதுதான் அண்ணன் பார்த்தார், இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. “ஏன் கூப்புடல?” என்று கேட்டிருக்கிறார். “நீங்க வீலச் சுத்திக்கிட்டு இருந்தீக. அந்நேரம் கூப்புட்டா எப்புடி?” என்றதாம்.

அன்றைக்கு மத்தியானமே அண்ணன் பாயின் பட்டறையில் வந்து நின்றார். “மாத்திரு பாய். நான் பின்னால உக்காந்து அவளப் புடிச்சுக்கணும். எவன் வேணாலும் ஓட்டுற மாதிரி மாத்திரு.”

அந்த வண்டியின் ஸ்டியரிங் ராடுக்கு எங்கே போவது? பாய் தேடிப் பிடித்தார். கோச்சடைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் அதே ஜாதிக் கார் ஒன்று சக்கரமில்லாமல் கிடந்தது. நாங்கள் மூன்று பேரும் போனோம். சரியாக ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. “குஞ்சு பொரிக்கட்டும்ணே, பத்து நாள் கழிச்சு வாங்க” என்றார் தோப்புக்காரர். “நாளைக்கே நான் ஆஸ்பத்திரி போகணும்யா” என்று சொல்லி, அண்ணன் சட்டையைக் கழற்றி விரித்தார். கோழி கை முழுக்கக் கொத்தியது. கையை எடுக்காமல், கோழியும் முட்டையுமாகச் சட்டையோடு சுருட்டித் தூக்கிக் கூடையில் வைத்தார். ஒரு முட்டைகூட உடையவில்லை. “பிரசவம் பாத்த கை மாதிரில்ல இருக்கு!” என்றார் பாய்.

பழையதைக் கழற்றும்போது, பல் பிடுங்குகிற இடத்தில் துணைக்கு வந்தவர் மாதிரி தாடையைப் பிடித்துக்கொண்டே நின்றார் அண்ணன். பாய் அடிப்பெட்டியைத் திறந்து காட்டினார். “பாருங்கண்ணே, ஒரு பல்லு இல்ல. பொக்க வாய வச்சுக்கிட்டா இம்புட்டு நாள் ஓட்டுனீங்க?”

சாயங்காலம் தோப்புக் காரின் ராடும் பெட்டியும் உட்கார்ந்தன. அண்ணனே வண்டியை எடுத்தார். பட்டறை வாசலுக்கு வருமுன்பே, பழக்கத்தில், அரைச் சுற்று. காது கேட்க ஆரம்பித்திருந்த வண்டி சொன்ன உடனே திரும்பி, பாயின் சுவரை இடித்துக்கொண்டு நின்றது. முப்பது வருஷத்தில் அதுதான் அவருக்கு முதல் விபத்து. மறுபடி எடுத்தார், மறுபடி சுவர். மூன்றாம் தடவை பாய் சுவருக்கு முன்னால் வந்து கையை விரித்து நின்றுவிட்டார்.

அண்ணன் இறங்கி, சாவியை என் கையில் வைத்தார். “இந்த வண்டிய இனிமே ஓட்டத் தெரியாத ஒரே ஆளு நான்தான் மாப்ள.” நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார், ஆனால் வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து காலை ஷிஃப்டை மாற்றிக்கொண்டு நான் ஓட்டினேன். பின்னால் அண்ணன் மடியில் அக்காவின் தலை. “தம்பி தேரு மாதிரி ஓட்டுதுங்க. நீங்க உருட்டுனதெல்லாம் போதும்” என்று அக்கா சொல்லும். “ஏன் சொல்ல மாட்ட” என்பார். கண்ணாடியில் பார்ப்பேன். நான் வீலைத் தொடுவதற்கு முன்பே, திருப்பம் இன்னும் தூரத்தில் இருக்கும்போதே, அவர் கை இரண்டும் அக்காவின் தலையை அணைகட்டிப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள்கூட அக்கா அசையவில்லை. வண்டியிடமிருந்து நாங்கள் பிடுங்கிப் போட்ட அந்த அரைச் சுற்று அவர் கையில் அப்படியே இருந்தது.

இருபத்து மூன்று நாள் ஓட்டினேன். இருபத்து நாலாம் நாள் ஓட்ட வேலையில்லை.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் வந்தார். “தல்லாகுளம் ஆபீஸ் வரைக்கும் போகணும் மாப்ள. ரேஷன் கார்டுல பேரு எடுக்கணுமாம்.” முன் கதவைத் திறந்துவிட்டேன். அவர் பின்னால் போய், வழக்கமான மூலையில் உட்கார்ந்தார்.

பாலம் தெரிய ஆரம்பித்ததும்தான் வாயைத் திறந்து, எனக்கு ஓட்டச் சொல்லித்தர ஆரம்பித்தார். நான் முதலில் எழுதியிருக்கிறேனே, அந்தப் பேச்சு. பேசி முடித்தார். திருப்பத்துக்கு இன்னும் ஐம்பது கஜமாவது இருக்கும். கண்ணாடியில் பார்த்தேன்.

வெறும் மடியின் மேல் இரண்டு கைகளையும் கொண்டுபோய் அணைகட்டி வைத்துக்கொண்டார்.