அமாவாசையோடு வற்றிய வயிறு

உயர்திரு சம்பந்தி வெங்கடேசன் அவர்களுக்கு, கச்சிராயபாளையத்திலிருந்து ராஜதுரை எழுதிக்கொண்டது. நலம் விசாரிப்பது மரியாதை என்பதால் விசாரிக்கிறேன். பதில் தேவையில்லை.

என் மகள் பவானியைத் திருக்கோவிலூரில் பஸ் ஏற்றிவிட்டு, கருவைக் கரைத்தவள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டீர்கள். நடந்ததை நானும் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். அன்று அவள் வயிறு உப்பி, வலியில் சுருண்டு வாந்தி எடுத்தாள். மாசமாயிருக்கிறாள் என்று நீங்களே முடிவு கட்டி, வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் உங்கள் சம்சாரம் தெருவுக்கே பால்கோவா கொடுத்தார், உங்கள் மகள் சுபஸ்ரீ வளைகாப்புக்கு வளையல் கடையில் பேசி முடித்தாள், மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷ் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் குழந்தைப் பாதம் போட்டார், நீங்கள் பேரனுக்குப் பெயரே வைத்துவிட்டீர்கள். டாக்டரிடம் போகலாமென்று பவானி அழுதபோது, "அமாவாச கழியட்டும், இன்னா அவசரம்?" என்றார் உங்கள் சம்சாரம். அமாவாசை கழிந்தது, வயிறும் வற்றிவிட்டது. முந்தின வாரம் அவள் என் தங்கையைப் பார்க்க வெள்ளிமலைக்குப் போனது அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. "மலைல பச்சிலை தின்னுகினு வந்துட்டா" என்று தீர்ப்பு. அங்கே அவள் தின்றது சாமைச் சோறும் கருவாட்டுக் குழம்பும்தான்.

இங்கே வந்தபின் உதடு வீங்கியது. பாண்டிச்சேரியில் ரம்யா என்ற டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்து, அன்று வயிற்றில் இருந்தது பிள்ளையில்லை, குடலில் கோத்த நீர் என்றார். கிருமியை அடிக்க நம் இரத்தத்தில் நொதிகள் சில காவலுக்குக் கிடக்கின்றனவாம். ஒன்று விழித்தால் அடுத்ததை வெட்டி எழுப்பும், அது அதற்கடுத்ததை எழுப்பும். போதும் நில் என்று பிடித்துவைக்க ஒரு புரதம் உண்டாம். பவானிக்கு அது பிறவியிலேயே கம்மி, அதனால் இன்னும் எதெதுவோ கட்டவிழ்ந்து, நீர் கசிந்து வீங்குகிறது, சில நாளில் தானே வற்றுகிறது. தொண்டையில் வீங்கினால் மட்டும் உயிருக்கே ஆபத்து, உடனே ஊசி போட வேண்டும்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு உங்கள் வீடுதான் நினைவுக்கு வந்தது. சம்பந்தியம்மா மகளை எழுப்பினார், மகள் தெருவை எழுப்பினாள், கிருமி என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. போதும் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். பால்கோவா தின்றுகொண்டிருந்தீர்கள். எனக்கு வயிறு எரிகிறது, சம்பந்தி.

இருந்தாலும் நான் பெண்ணைப் பெற்றவன். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையோடு வந்து அவளை அழைத்துப்போங்கள். பால்கோவா கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய் உண்மையையும் கொடுக்கச் சொல்லுங்கள். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசி, சுபஸ்ரீக்கு அதில் பாதி.

இப்படிக்கு,
ராஜதுரை

பி.கு.: உறையை ஒட்டுமுன் பவானிக்குப் படித்துக் காட்டினேன். "யாரையும் வரச் சொல்லாதப்பா" என்றாள். ஏம்மா என்றேன். "எனக்கு வீங்கினா தானா வத்திடுது. அந்த வூட்டுப் பேச்சு வத்தாதுப்பா. நாளைக்கு எனக்குத் தொண்ட அடச்சாலும் அமாவாசையப் பாத்துக்கினுதான் இருப்பாங்க." ஆகவே நீங்கள் வர வேண்டாம். பீரோவையும் கிரைண்டரையும் மட்டும் ஏற்றி அனுப்புங்கள். அதற்கு அமாவாசை கழிய வேண்டியதில்லை.