கூட யாரு இருக்காங்க?

எங்கே வலிக்கிறது என்பதை ரங்கநாதன் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. அதற்குள் சிஸ்டர் குளோரியா கேட்டுவிட்டாள்.

"எங்க சார் வலிக்குது?"

"இங்க" என்று வயிற்றைத் தொட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று முதுகையும் தொட்டுவைத்தார்.

"பேரு?"

"சண்முகம்."

"கூட யாரு இருக்காங்க?"

இதை மட்டும் அவர் யோசித்துவைக்கவில்லை. வந்திருப்பதோ வேவு பார்க்க. அதற்குப் பெண்டாட்டியையா கூட்டிக்கொண்டு வர முடியும்?

ரங்கநாதன் அந்த ஆஸ்பத்திரியின் பர்சனல் ஆபீசர்; ஆள் எடுப்பதும் நீக்குவதும் அவர் வேலை. ஆஸ்பத்திரி பெங்களூரில் ஆடுகோடிப் பேட்டையில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், நமக்கு எதற்கு வம்பு? அவர் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. மூன்றாம் மாடி ஏ.சி. அறையை விட்டு வார்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் வார்டுக்கு வேண்டிய யோசனையெல்லாம் அங்கிருந்துதான் வரும். ஜெனரல் வார்டில் நாற்பது கட்டில், இரண்டு நர்ஸ். "எதற்கு இரண்டு? நோயாளி ஒவ்வொருவருடனும் வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்" என்று ஒரு சர்க்குலர் போட்டார். தண்ணீர் கொடுப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்தால் கூப்பிடுவது எல்லாம் வீட்டு ஆளே பார்த்துக்கொள்வார். நர்ஸ் ஒருத்தி போதும். எம்.டி. ஹரிஷ்குமார் எழுந்து வந்து அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

போன மாதம் அந்த வார்டில் ஒரு பெரியவர் கட்டிலிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். அந்த நேரத்தில் குளோரியா வார்டின் அந்தக் கோடியில் இன்னொருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். "கவனக்குறைவு" என்று அவளுக்கு மெமோ போனது. மெமோவை டிக்டேட் செய்தவரும் ரங்கநாதன்தான். அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தால், "வார்டுக்கு மூணு நர்ஸ் வேணும்" என்று சங்கம் ஆரம்பிக்கிறாளாம்!

எம்.டி. அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். "குளோரியா கூட யார் யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியணும். சங்கம் ரிஜிஸ்டர் ஆகறதுக்குள்ள அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பணும். இல்லேன்னா உங்களை அனுப்புவேன்."

ஒக்கலிபுரத்தில் ரங்கநாதனின் வீடு கூரை போடாமல் நின்றுகொண்டிருந்தது. வேலை போனால் அது அப்படியேதான் நிற்கும். ஆகவே மறுநாள் காலையில் அவர் மீசையை எடுத்தார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இருந்த மீசை அது. குளியலறையிலிருந்து வெளியே வந்ததும் மனைவி சீதாலட்சுமி காபி டம்ளரைக் கீழே போட்டாள்.

"ஐயோ, ஊர்ல யாருங்க போயிட்டாங்க?"

"யாரும் போகலை. சும்மா இரு."

"யாரும் போகாம மீசைய எடுப்பாங்களா? எதுக்கு இப்படி அபசகுனமா?"

அந்த முகத்தோடுதான் இப்போது வார்டு வாசலில் நிற்கிறார்.

"கூட யாரும் இல்லைங்க" என்றார்.

குளோரியா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பெட் ரெடி பண்ணணும். கொஞ்சம் உக்காருங்க சார்."

ரங்கநாதன் பெஞ்சில் உட்கார்ந்தார். குளோரியா போனை எடுத்து யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசினாள். இவர் காதைத் தீட்டிக்கொண்டார். "ஆமா அங்கிள், பிரியாணிதான்" என்பது மட்டும் விழுந்தது. சங்கக் கூட்டத்துக்குப் பிரியாணி வேறா! நோட்டீஸ் ஒட்டாத குறைதான். வந்த காரியம் இன்றைக்கே முடிந்துவிடும் என்று அவருக்கு ஒரே குஷி.

ஆயா ஃபாத்திமா டீ கொண்டுவந்து நீட்டினாள். "சர்க்கரை போடல சார்."

"எனக்குச் சர்க்கரை இல்லாத டீன்னு எப்படிம்மா தெரியும்?"

"ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் அப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டு அவள் வேகமாகப் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் இவ்வளவு சிக்கனம் இருப்பது அவருக்குப் பெருமையாக இருந்தது.

அதுதான் அன்றைக்கு அவர் வாயில் பட்ட கடைசிப் பொருள்.

"வயித்து வலின்னா எதுவும் சாப்பிடக் கூடாது" என்று குளோரியா கட்டில் தலைமாட்டில் பலகையை மாட்டிவிட்டாள். பதினோரு மணிக்கு வார்டு முழுக்க இட்லி வாசனை. ரங்கநாதனுக்குத் தாங்கவில்லை.

"சிஸ்டர், வயித்து வலி போயிடுச்சு."

"அப்படியா? அப்ப டிஸ்சார்ஜ் பண்ணிரலாமா?"

ஆடிப்போய்விட்டார். "இல்லை இல்லை! வயித்துல இருந்தது இப்ப முதுகுக்குப் போயிருக்கு."

"வலி இடம் மாறுதா?" குளோரியாவின் முகம் கவலையில் சுருங்கியது. "அப்ப எனிமா குடுத்துட வேண்டியதுதான்."

அதை விவரிக்க வேண்டாம். ரங்கநாதனே அதைப் பற்றிப் பிற்காலத்தில் யாரிடமும் பேசியதில்லை. திரும்பி வந்தபோது உடம்பில் ஒரு கவுன் இருந்தது. முன்பக்கம் முழுசாக இருந்தது. பின்பக்கம் நாடா இருக்க வேண்டிய இடத்தில் நாடா இல்லை.

பக்கத்துப் பன்னிரண்டாம் கட்டிலில் அதற்குள் ஒரு பெரியவரைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். கழுத்துவரை கம்பளி, தலைக்கு மேலே குளுக்கோஸ் பாட்டில், அதன் குழாய் கம்பளிக்குள் போனது. பெயர் ஓஸ்வால்ட். மனிதர் முனகினார் பாருங்கள், அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே ஏறி, ஒரு இடத்தில் நின்று நடுங்கி, மெல்ல இறங்கியது அந்த முனகல். எதிர்க்கட்டில் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இவர் கூட யாரு?" என்று குளோரியா கேட்டாள்.

"யாரும் இல்லம்மா... அநாதை..." என்றார் ஓஸ்வால்ட்.

"சர்க்குலர்படி கூட ஆள் இல்லாம வெச்சுக்கக் கூடாதே. ரெண்டு பேரையும் அனுப்பிட வேண்டியதுதான். சரி, ஒண்ணு பண்ணலாம்" என்று ரங்கநாதன் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க அவருக்கு ஆளு. அவரு உங்களுக்கு ஆளு."

"நானும் நோயாளிதானேம்மா?"

"உங்களுக்கு வலி நடமாடுது, நீங்களும் நடமாடலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடிவிட்டாள்.

"தம்பி... தண்ணி" என்றார் ஓஸ்வால்ட்.

கொடுத்தார். குடித்து முடித்ததும், "தம்பி... திருப்பிப் படுக்க வை" என்றார். திருப்பினார். ஓஸ்வால்ட் நல்ல கனம். அநாதைக்கு இவ்வளவு சாப்பாடு யார் போட்டார்கள் என்று தோன்றியது, ஆனால் முனகலைக் கேட்டதும் வெட்கமாகிவிட்டது. அடுத்தது பெட்பேன் கேட்டார். ரங்கநாதன் மணியை அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். அந்தக் கோடியிலிருந்து "வர்றேன் சார்!" என்று குரல் வந்தது. குரல் மட்டும்தான் வந்தது. குளோரியா ஒரு கையில் ஊசியும் இன்னொரு கையில் வாந்தி எடுக்கும் பையனின் தலையுமாக நின்றிருந்தாள்.

எம்.ஏ. சோஷியாலஜி படித்த ரங்கநாதன் பெட்பேனைத் தேடிக்கொண்டு போனார்.

ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் போதும், வார்டு உங்களைத் தத்து எடுத்துக்கொள்ளும். "அண்ணா, ஸ்வல்ப நீரு கொடி" என்று கன்னடத்தில் தண்ணீர் கேட்டது ஒரு கட்டில். "அண்ணே, இந்தப் பாட்டில் தீரப் போகுதா பாருங்க" என்று ஒரு கட்டில். சர்க்குலரில் சொன்ன வீட்டு ஆட்கள் எங்கே? ஒருவர் மருந்து வாங்கப் போயிருந்தார். ஒருத்தி கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சப் போயிருந்தாள். கூலி வேலைக்காரர் மனைவியைப் படுக்க வைத்துவிட்டு வேலைக்கே போய்விட்டார். பாதிப் பேருக்குக் காகிதத்தில்தான் ஆள், கட்டிலருகே யாருமே இல்லை. ஒரு கிழவர் கட்டில் விளிம்பில் சரிந்து தூங்கிக்கொண்டிருந்தார். ரங்கநாதன் பாய்ந்து போய்ப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் தாமதித்திருந்தால் கீழே விழுந்திருப்பார். கையை முறித்துக்கொண்ட அந்தப் பெரியவரின் ஞாபகம் வந்தது. மெமோவில் "கவனக்குறைவு" என்று தான் சொன்னதும் ஞாபகம் வந்தது. அவருக்கு உடம்பு கூசியது.

மத்தியானம் குளோரியா நின்ற நிலையில் ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டாள். அதுதான் அவள் சாப்பாடு. பிரியாணியைக் காணோம்.

"ஏம்மா, இது அநியாயமா இல்லே? நீங்கல்லாம் சேர்ந்து கேக்கக் கூடாதா?" என்று ரங்கநாதன் பொரிந்தார்.

"கேட்டா வேலையை விட்டுத் தூக்கிருவாங்க சார்."

"யாரு தூக்கறது?"

"மேல ரங்கநாதன்னு ஒருத்தர் இருக்காரு."

"அவன் கிடக்கான் மடையன்! அவனை ஒரு நாள் இங்க கொண்டாந்து போடணும்."

"போட்டா புரிஞ்சுக்குவாரா சார்?"

"எனிமா குடுத்தா புரியும்" என்றார் ரங்கநாதன், அனுபவத்தோடு. குளோரியா வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

அப்போதுதான் ஓஸ்வால்டின் முனகல் நின்றது. ரங்கநாதன் கையிலிருந்த பெட்பேனோடு ஓடினார். பாட்டிலை எடுத்துப் பார்த்தார், ஒரு விரற்கடைதான் மிச்சம். பெரியவர் தலை தொங்கியிருந்தது.

"சிஸ்டர்!" என்று கத்தினார். அவள் அதற்குள் மறுகோடிக்குப் போய்விட்டிருந்தாள். "சிஸ்டர்! பன்னெண்டாம் பெட்!"

கதவு திறந்தது. வந்தது சிஸ்டர் அல்ல. எம்.டி. ஹரிஷ்குமார் வந்தார். கூடவே எலெக்ட்ரானிக் சிட்டி கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாளும் இரண்டு கோட்டுக்காரர்களும் வந்தார்கள். அந்தக் கம்பெனி தன் ஊழியர்களையெல்லாம் இனிமேல் இந்த ஆஸ்பத்திரிக்கே அனுப்புவதா வேண்டாமா என்று பார்க்க வந்திருந்தார்கள்.

"திஸ் இஸ் அவர் ஜெனரல் வார்டு. ஒவ்வொரு பேஷண்டுக்கும் தனி கவனிப்பு" என்று எம்.டி. கையை நீட்டினார்.

நீட்டிய கைக்கு நேரே ஒரு கையில் பெட்பேனும் மறு கையில் குளுக்கோஸ் பாட்டிலும் பின்பக்கம் முழுக் காற்றோட்டமுமாக ரங்கநாதன் நின்றிருந்தார்.

எம்.டி. கண்ணைக் காட்டினார், படுத்துக்கொள்ளச் சொல்லி. ரங்கநாதன் படுக்கவில்லை.

"எந்தக் கவனிப்பு சார்?" என்று வெடித்தார். "நாப்பது பேருக்கு ஒரே ஒரு பொண்ணு! காலையிலேர்ந்து அது உக்காரலை. இந்த மனுஷன் செத்துக்கிட்டிருக்காரு, பாட்டில் மாத்த ஆள் இல்லை. இவருக்கு நான் ஆளாம், எனக்கு இவர் ஆளாம்! எந்த மடையன் போட்ட சர்க்குலர் சார் இது?"

எந்த மடையன் என்று அவருக்குத் தெரியும். அதனாலேயே குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது.

கம்பெனி அம்மாள் எம்.டி.யைப் பார்த்தாள். "நாப்பது பேருக்கு ஒருத்தரா?"

"நோ நோ... இன்னிக்கு மட்டும்... திங்கட்கிழமையிலேர்ந்து வார்டுக்கு மூணு நர்ஸ்."

"சத்தமாச் சொல்லுங்க சார், அந்தக் கோடியில கேக்கலை" என்றாள் குளோரியா, புதுப் பாட்டிலோடு ஓடி வந்துகொண்டே.

"வார்டுக்கு மூணு நர்ஸ்!" என்றார் எம்.டி.

"நல்லது. செவ்வாய்க்கிழமை வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போடறோம்" என்றாள் அந்த அம்மாள்.

நோயாளிகள் கை தட்டினார்கள். ஓஸ்வால்ட் ஒரு கண்ணைத் திறந்து மெலிதாக முனகினார். ரங்கநாதனுக்குப் போன உயிர் வந்தது.

விருந்தினரை அனுப்பிவிட்டு எம்.டி. அவரை லிஃப்ட் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"மானத்தை வாங்கிட்டீரே ஓய்! போகட்டும், வந்த வேலை என்னாச்சு? குளோரியா கூட யார் யாரு இருக்காங்க?"

ரங்கநாதன் கவுனின் பின்பக்கத்தை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கூரையில்லாத வீடு ஒரு நிமிஷம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கட்டிலில் சரிந்த கிழவரும் வந்தார்.

"நான் இருக்கேன் சார்."

"என்னது?"

"குளோரியா கூட நான் இருக்கேன். எழுதிக்குங்க."

"நாளைக்கு நீர் மூணாம் மாடிக்கு வர வேண்டாம்!"

"ஜெனரல் வார்டுக்கு வருவேன். பன்னெண்டாம் பெட்டுக்கு ஆளு நான்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். இவ்வளவு வீராப்பாகப் பேசுவது அவருக்கு வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. முதலில் ஓஸ்வால்டிடம் சொல்ல வேண்டும். "பெரியவரே, உங்க புண்ணியத்துல மூணு நர்ஸ் வருது" என்று அவர் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாம் கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்து வைத்திருந்தது. ஃபாத்திமா ரெக்சின் மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெரியவர் எங்கம்மா?"

"போயிட்டாரு சார்."

"போயிட்டாரா?"

"இப்பத்தான் சார். நீங்க லிஃப்ட் பக்கம் போனீங்களே, அப்பவே."

ரங்கநாதன் மீசை இல்லாத உதட்டைத் தடவினார். யாருங்க போயிட்டாங்க என்று சீதாலட்சுமி காலையிலேயே கேட்டாளே! பாட்டில் தீர்ந்ததை இன்னும் கொஞ்சம் முன்னாடி பார்த்திருக்கலாம். கவனக்குறைவு. யார் யாருக்கோ மெமோ கொடுத்தவர், தனக்கு எதைக் கொடுப்பார்? விம்மிக்கொண்டே லுங்கியையும் சட்டையையும் மாட்டினார். வார்டில் நிற்க முடியாமல் கேட்டுக்கு வெளியே வந்தார்.

எதிர்ச்சாரியில் ஒரு பிரியாணிக் கடை. வாசல் ஸ்டூலில் நல்ல ஆகிருதியான ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தார். ரங்கநாதனைப் பார்த்ததும் எலும்பை இலையில் வைத்துவிட்டு, பக்கத்து ஸ்டூலைத் தட்டிக் காட்டினார்.

"வா தம்பி, உக்காரு! இத்தனை வருஷ நாடகத்துல நானே அப்படி அழுது நடிச்சதில்லை. எனக்கு ஒரு பிரியாணின்னு குளோரியா சொல்லிச்சு, உனக்கு என்ன தர்றதாச் சொல்லிச்சு?"