எல்லாவற்றுக்கும் 'சரி' சொன்ன டிரைவர்

எனக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. கலும்பாங் பக்கத்துத் தோட்டத்தில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்று தலையாட்டிய குடும்பத்தில் பிறந்தவன். அந்தப் பழக்கம் என்னோடு நிற்காமல் நான் எழுதிய புரோகிராமுக்கும் தொற்றிவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் கோலாலம்பூரில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் எனக்கு வேலை. (கழுத்தில் டை வேறு!) பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்து எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் அடிக்கடி அசையாமல் நின்றுவிடுகிறது என்று என்னை அனுப்பினார்கள்.

அங்கே டைப் செய்துகொண்டிருந்தவள் சரோஜா. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் குடும்பங்களுக்குப் புது வீடு வரப்போகிறது. எல்லார் பெயரையும் வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றி முடித்தால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம்.

"டைப் பண்ணிக்கிட்டே இருக்கேன் சார், திடீர்னு எரர்னு வந்து நின்னுடுது. அது வராம பண்ணுங்களேன்."

"சரி" என்றேன்.

கோளாறு டிஸ்க் டிரைவரில். லோரி ஓட்டுபவர் இல்லை. கம்ப்யூட்டருக்கும் டிஸ்க்கை இயக்கும் கார்டுக்கும் நடுவில் நிற்கும் மண்டோர் மாதிரி ஒரு புரோகிராம். உத்தரவைக் கீழே சொல்லி, வேலை முடிந்ததா என்று மேலே பதில் சொல்வது அதன் கடமை. கார்டு ஒருமுறை தடுமாறினாலே இது வாயடைத்துப் போய்விடும். கார்டைத் தட்டி எழுப்பி மூன்று தடவை மறுபடி முயலும்படி மாற்றினேன். மூன்றும் தோற்றால்? 'டிஸ்க்கில் எழுத முடியவில்லை' என்று மேலே சொல்ல வேண்டும். சொன்னால் எரர் வரும். எரர் வந்தால் சரோஜா முகம் வாடும். ஆகவே அப்போதும் 'சரி' என்றே சொல்ல வைத்தேன். (மேதாவி!)

வெள்ளிக்கிழமை பாராட்டு வாங்கத்தான் போனேன். பிரிண்டர் கடகடவென்று அடித்துத் தள்ளிய தாளில் பாதிப் பெயர்களைக் காணோம்.

ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி சரோஜாவைப் பார்த்தார். "மூணு நாளா டைப் பண்ணியா, தூங்கினியா? திங்கக்கெழம நீ வர வேணாம் லா."

"எரரே வரலியே ஐயா" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

நான் வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"தப்பு என்னுதுங்க ஐயா. எழுத முடியாதப்பவும் எழுதிட்டேன்னு சொல்லச் சொன்னது நான்தான்."

அவர் என் டையையே பார்த்தார். "மெஷினுக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுத்திருக்கே. திங்கக்கெழம காலையில லிஸ்ட் என் மேசையில இருக்கணும்."

டிரைவரைத் திருத்தப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சனி, ஞாயிறு இரண்டு பகலும் நான் பெயர்களைப் படிக்க, அவள் டைப் செய்தாள். நடுவில் எரர் வந்தது. "வந்துருச்சு சார், இப்பதான் நிம்மதி" என்று சிரித்தாள். அந்தப் பெயரை மறுபடி ஏற்றினோம். அவளுக்கு வேலை நிரந்தரமானது. மறு வருடம் நானும் அவளுக்கு நிரந்தரமானேன்.

இன்றும் சரோஜா "கேஸ் அடுப்ப அடச்சிடுங்க" என்பாள். பேப்பரிலிருந்து தலை எடுக்காமல் "சரி" என்பேன். உடனே மகளிடம் சொல்வாள்:

"நீ ஒருதடவ போய்ப் பாத்துட்டு வாம்மா. பழைய டிரைவர் பதில் சொல்லுது."