நுளம்புக்குப் போட்ட புகை

சாய்ந்தமருது.

அன்புள்ள மச்சான் நூஹு அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நானும் உங்கள் கூடப்பிறந்த ராத்தா றாஹிலாவும் மகள் சிபானாவும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமலும், மரியாதையில் கொஞ்சம் குறைந்தும் இருக்கிறோம். கட்டாரில் தங்களுடைய சுகத்துக்கும் தொழிலின் பரக்கத்துக்கும் துஆக் கேட்கிறோம். இதை டெலிபோனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். விசயம் நீளம். பாதியில் லைன் வெட்டுப்பட்டால் நீங்களும் என்னைப் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள். ஏற்கனவே ஒருவர் விளங்கியிருப்பது போதும். ஆகவே, நாளை அங்கே வருகிற பக்கத்து வீட்டு மருமகனின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தாங்கள் பேசித் தந்த பொத்துவில் மாப்பிள்ளை இன்ஸாப் நல்ல பிள்ளை. அதில் எனக்கு ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அறுகம்பையில் ஹோட்டல் வேலை பார்த்து வெள்ளைக்காரரின் பழக்கம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. வீட்டுக்குள்ள பொண்ணு பாக்க வந்தா தேத்தண்ணியக் குடிச்சிட்டு ஆளையாள் பாக்காம எழும்புறதுதானே, இப்ப சண்டையும் முடிஞ்சி பாதையும் துறந்திரிக்கி, களப்போரத்துல தண்ணிக் காத்துல கூடாரமடிச்சி ரெண்டு குடும்பமும் ஒரு பகல் ஆறுதலா இருந்து சாப்பிட்டுக் கதைப்பம் எண்டு சொல்லியனுப்பினார். உங்கட ராத்தா இதக் கேட்டதும் அகப்பையக் கீழ வெச்சிட்டா. "சுனாமிக்குப் பொறகு ரெண்டு வருசம் கூடாரத்துக்குள்ள வெந்து அவிஞ்சது காணாதாமா? இனி ஆசைக்கும் போய்ப் படுக்கணுமாமா?" எண்டு கேட்டா. மாப்பிள்ளட வாப்பா மீராசா ஹாஜியாரும் ஒரு கண்டிசன் போட்டார். அவர் போன வருசம் டெங்கு வந்து பிழைச்ச மனிசன். "ஒரு நுளம்பு கடிச்சாலும் அந்த இடத்துலயே எழும்பி வந்திருவன்" எண்டார்.

மச்சான், சிபானா வாய் துறந்து ஒண்டும் கேக்காத புள்ள. வீட்டைக் கடல் கொண்டு போன பிறகு, பொண்ணுக்குக் குடுக்க வீடில்லையே எண்டு வந்த சம்பந்தமெல்லாம் திரும்பிப் போனது உங்களுக்குத் தெரியும். இப்ப வீடு கட்டியாச்சி. அவளுக்கும் இந்த மாப்பிள்ளையப் புடிச்சிப் போச்சி. "வாப்பா, இதாவது சரி வருமா?" எண்டு ஒருநாள் மெதுவாக் கேட்டா. அண்டையிலரிந்து நுளம்பு எனக்கு நுளம்பில்ல, புள்ளட கலியாணத்தக் குழப்ப வாற எதிராளி.

வியாழக்கிழமை வெள்ளனயே வேன் புடிச்சிப் போய்ட்டம். காரைதீவு செல்லத்தம்பிட வேன்தான். பொத்துவில் றோட்டுக்குக் கிட்ட, களப்போரத்து மருதமரத்துக்குக் கீழ கூடாரத்த அடிச்சன். நுளம்புச் சுருளக் கொழுத்தினன், காத்து அணைச்சிப் போட்டிது. பூசுற எண்ணெயப் பூசினன், அந்த மணத்துக்கு உங்கட ராத்தா என்னக் கிட்ட வர வேணாமெண்டுட்டா. சோத்துல மொய்க்கிற இலையானுக்குத் தேசிக்காயப் பாதியா வெட்டிக் கராம்பு குத்தி வெச்சன். எறும்பு வந்தா தூரத்திலயே தெரியட்டுமெண்டு மண்ணுல வெள்ளச் சீல விரிச்சன். எல்லாம் செய்தும் தில்லம் பத்தைக்குள்ளரிந்து நுளம்பு பட்டப்பகல்ல கூட்டங் கூட்டமா வருகுது. மாப்பிள்ள வீட்டார் வாற நேரமும் கிட்டிச்சி. எனக்கு விசர் புடிச்ச மாதிரி. கடைசியில செல்லத்தம்பியப் பொத்துவில் கடைக்கி அனுப்பி, இருந்த சாம்பிராணியெல்லாம் வாங்குவிச்சி, கூடாரத்தச் சுத்திச் சிரட்டைக் கரியில அள்ளிப் போட்டன். அல்லாவே, என்ன புகை! நுளம்பு ஒண்டு மிச்சமில்ல. அந்த நேரம் என்னை விடக் கெட்டிக்காரன் இந்தக் கரையில இல்லையெண்டு நினைச்சன்.

ளுஹர் தொழுதிட்டு, தலையில தொப்பியோட, மாப்பிள்ள வீட்டாருக்கு ஆக்கிக் கொண்டு போன புரியாணிச் சட்டிக்குப் பக்கத்துல இருக்கன், றோட்டால வந்த உழவு மெசின் ஒண்டு நிண்டிது. வயல் வெட்டிட்டு வாற ஆக்கள். இறங்கி, களப்புல கை கால் கழுவி, லேஞ்சியத் தலையில கட்டி, ஸலாம் சொல்லி, வெள்ளச் சீலயில, ஒரே தட்டுல சேர்ந்து தின்னுற சஹனுக்கு இருக்கிற மாதிரி வட்டம் வட்டமா இருந்திட்டாங்க. "ஓதி முடிஞ்சிதா காக்கா?" எண்டு ஒராள் என்னிட்டக் கேட்டாரு. அப்பதான் எனக்கு உறைச்சிது. நீங்க கட்டாருல இருந்து மறந்திருப்பீங்க. எங்கட பக்கம் சாம்பிராணிப் புகை, வெள்ளச் சீல, தொப்பி, சட்டி நிறையச் சோறு, இதெல்லாம் ஒரு மரத்துக்குக் கீழ இருந்தா அதுக்குப் பேரு கந்தூரி. ஆரும் ஆரையும் கூப்பிடத் தேவல்ல, நேர்ச்சைச் சோறு எல்லாருக்கும் உரித்து. இருந்தவன எழும்பெண்டு சொல்ல ஏலுமா? பகிர்ந்தன். மறுகா மீன் வாடியிலரிந்து கொஞ்சப் பேர். மறுகா அக்கரைப்பற்று பஸ்ஸு நிண்டிது, கொண்டக்டரும் இறங்கிட்டான். செல்லத்தம்பி சறத்த மடிச்சிக் கட்டிட்டு, "இஞ்ச ஒரு சஹன் குறையிது கா" எண்டு சொந்த வீட்டுக் காரியம் மாதிரி நிண்டு பரிமாறுறார்.

ஹாஜியார்ட வேன் வந்தது அந்த நேரம்தான். சனத்தக் கண்டிட்டு மனிசன் வேனுக்குப் பக்கத்திலயே நிண்டிட்டார். நான் ஓடிப் போய்க் காரணத்தச் சொல்ல முந்தி, சாப்பிட்டு முடிஞ்ச ஒரு பெரியவர், "என்ன காரியத்துக்குக் குடுக்கிற சோறு?" எண்டு கேட்டார். செல்லத்தம்பி, நல்ல மனசோடதான், "இவர்ட மகளுக்கும் அந்தா நிக்கிற தம்பிக்கும் கலியாணப் பேச்சு" எண்டு சொல்லிப் போட்டார். பெரியவர் ரெண்டு கையையும் ஏந்திட்டார். "யா அல்லாஹ், இந்த ரெண்டு புள்ளைகளையும் நல்லபடியாச் சேர்த்து வை" எண்டு ஓதுறார், அவ்வளவு சனமும் ஆமீன் சொல்லுது. ஹாஜியார் என்ன செய்வார்? அவரும் கையேந்தி ஆமீன் சொன்னார். அந்தக் கூட்டத்துல மெதுவா ஆமீன் சொன்னது மாப்பிள்ளட வாப்பா மட்டும்தான்.

மறுகா என்னிட்ட வந்து, "மீராமுகைதீன், வாக்குக் கேட்டிருந்தா யோசிச்சிச் சொல்லியிருப்பன். இப்பிடிச் சனத்தக் கூட்டி வெச்சி ஆமீன் வாங்கத் தேவல்ல" எண்டார். ஒரு புடி சோறு தின்னாமப் போய்ட்டார். தின்னவும் சட்டியில ஒண்டும் இல்லத்தான். சிபானா வெறுஞ் சட்டியக் கழுவித் தூக்கி வேனுல ஏத்தினா.

ஆகவே மச்சான், இந்தக் கடிதம் கண்டவுடன் ஹாஜியாருக்கு ஒரு கோல் எடுங்கள். அது கந்தூரியும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை, அவரைக் கடிக்க வந்த நுளம்புக்குப் போட்ட புகை என்பதை நல்ல முறையில் விளங்கப்படுத்துங்கள். நான் சொன்னால் நம்பமாட்டார். என் புள்ளையின் வாழ்க்கை இப்போது உங்களுடைய வாயில்தான் இருக்கிறது. தங்களுக்கு நீண்ட ஹயாத்தையும் நல்ல சம்பளத்தையும் அல்லாஹ் தருவானாக. ராத்தா ஸலாம் சொல்கிறா. பனங்கட்டியும் கருவாடும் தனித்தனியாகக் கட்டியிருக்கிறது.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
மச்சான் மீராமுகைதீன்.

பி.கு: கோல் எடுக்க வேணாம்! கடிதத்த ஒட்டப் போற நேரம் ஹாஜியாரே பேசினார். நேர்ச்சைச் சோத்துக்கு முன்னால ஆமீன் சொல்லிப் போட்டு மாறுறதுக்குப் பயமாரிக்காம், கலியாணத்துக்கு நாள் பாக்கட்டாம். அந்தக் களப்போரத்துல நிண்டும் ஒரு நுளம்பு கடிக்கல்ல, அது கந்தூரிட பரக்கத்துதான் எண்டார். நான் ஓம் எண்டு சொல்லிட்டன். சிபானா குசினிக்குள்ள போய்ச் சிரிச்சி அழுதுகிட்டிருக்கா. இந்தக் கடிதத்தக் கிழிக்கத்தான் நினைச்சன், ரெண்டு நாள் பாடுபட்டு எழுதினது, மனம் வரல்ல. வாசிச்சிட்டு நீங்க கிழிங்க. ஆராவது கேட்டா கந்தூரிதான். பொய்யில்ல மச்சான். சோறு குடுத்த, துஆ ஓதின. மனசுல வெக்கிற நிய்யத்துத்தான் கொஞ்சம் பிந்தி வந்திச்சி.