மாப்பிள்ளை வைத்த ஜன்னலோர மரம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் நிறைந்த ஆசியுடனும் கொஞ்சம் ஜலதோஷத்துடனும் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அத்தை நலம். நானும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியம் என்பது எனக்குத் தெரியும். இல்லாவிட்டால் அவள் இந்நேரம் மூன்று தடவை போன் செய்திருப்பாள். உங்கள் தொழில் மேன்மேலும் வளரட்டும், நீங்கள் வைக்கிற செடிகள் எல்லாம் தழைக்கட்டும். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளையிடம் மாமனார் குறை சொல்லக் கூடாது. கல்யாணமாகி நான்கு வருடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வந்து என் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என் செய்தித்தாளை எனக்கு முன்னால் படித்தபோதுகூடச் சொன்னதில்லை. நேரில் சொன்னால் மகள் முகம் சுண்டிப்போகும், போனில் சொன்னால் அவள் ஸ்பீக்கரில் போடுவாள். ஆகையால் கடிதம். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள், உங்கள் ஒப்பந்தங்களைப் படிப்பதுபோல் முதல் பக்கத்தையும் கையெழுத்தையும் மட்டும் பார்க்காதீர்கள்.

காப்பீட்டு அலுவலகத்தின் பதிவேட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருடமாக இருக்கிறேன். இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு. இதில் முதல் பன்னிரண்டு வருடம் மாடிப்படி ஓரத்தில், போகிறவர் வருகிறவர் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தேன். ஜன்னலோர நாற்காலிக்காரர் ஓய்வு பெற்ற அன்று மாலையே, அவர் மாலையைக் கழற்றுவதற்குள், என் ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டேன். காரணம் காற்றில்லை, வெளிச்சமில்லை. சாலையின் எதிர்ப்பக்கத்தில்தான் உங்கள் அத்தை துணி வெட்டுகிற தையல் கடை. அவளுடைய பேருந்து இரண்டு பத்துக்கு வரும். இறங்குவாள், சாலையைக் கடக்குமுன் எங்கள் மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்துக் கையைத் தூக்குவாள். நானும் பதிலுக்குக் கை அசைப்பேன். அவ்வளவுதான். காலையில் வீட்டில் எப்பேர்ப்பட்ட சண்டை நடந்திருந்தாலும் இது பத்தொன்பது வருடமாக ஒருநாள்கூட நின்றதில்லை.

அப்படிப்பட்ட இடத்துக்கு நானே உங்களை அழைத்து வந்தேன். மேலாளர் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, ஊழியர்கள் கண்ணில் பச்சை பட்டால் வேலை வேகமாக நடக்கும், அலுவலகத்துக்குள் இயற்கையைக் கொண்டுவர வேண்டும் என்று ஆரம்பித்தார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "சார், எங்க மாப்பிள்ளைக்கு இதுதான் தொழில்"னு நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். நீங்களும் வெளிச்சம் அளக்கிற கருவியோடு வந்து ஒவ்வொரு மேசையாக அளந்தீர்கள். என் மேசைக்கு வந்ததும் என் நாற்காலி மேலேயே ஏறி நின்றீர்கள். விழுந்துவிடப் போகிறீர்களே என்று நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "மாமா, ஆபீஸ்லயே நல்ல வெளிச்சம் உங்க சீட்லதான் இருக்கு" என்றீர்கள். என்னையே பாராட்டியதுபோல் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மாலை உங்கள் அத்தையிடம்கூடச் சொன்னேன். மறு திங்கட்கிழமை போனால் என் இடத்தில் ஒரு மரம் நிற்கிறது. என் மேசை ஒளிநகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், இருட்டு மூலையில்.

அப்போது நமக்குள் நடந்த பேச்சு உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை.

"மரத்துக்கு வெளிச்சம் இல்லன்னா இலை கொட்டிடும் மாமா."

"எனக்கு?"

"உங்களுக்கு ஒரு டேபிள் லேம்ப் கொடுத்துடலாம் மாமா."

லேம்ப் இன்னும் வரவில்லை. போகட்டும். என் முதுகுக்குப் பின்னால் சுவரில் தண்ணீர் வழியவிட்டீர்களே, மனசுக்கு அமைதி தரும் என்று, அந்த அமைதியைப் பற்றிச் சொல்கிறேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை சலசல சலசல என்று ஓயாமல் காதில் விழுந்தால் ஐம்பது தாண்டிய மனுஷன் என்ன செய்வான், பதிவேட்டுப் பிரிவே வரிசையாக எழுந்து போவதும் வருவதுமாக இருந்ததில் ஒருநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "இன்னிக்கு மட்டும் எத்தனை தடவை எந்திரிச்சுப் போனீங்க?"ன்னார், "சார், நீங்க தண்ணிய நிறுத்துங்க, நானும் நிறுத்திக்கிறேன்"னேன், அதற்கு அவர் சிரிக்கவில்லை. நடைவழியில் நீங்கள் கொட்டிய கூழாங்கல்லில் டைப்பிஸ்ட் அம்மா இரண்டு தடவை காலைச் சுளுக்கிக்கொண்டு, இப்போது ரப்பர் செருப்போடு திரிகிறார்கள். மரத்தின் தொட்டியில் ஓர் அட்டை தொங்குகிறது: தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், ஏ.சி. காற்று நேராகப் படக் கூடாது, ஐந்து இலைக்கு மேல் உதிர்ந்தால் இந்த எண்ணுக்கு உடனே தெரிவிக்கவும். மாப்பிள்ளை, என் தலையில் ஏ.சி. நேராகக் கொட்டுகிறது. மேலே சொன்ன ஜலதோஷம் அதனால்தான். எனக்கு எந்த எண்ணும் தரப்படவில்லை.

அதே அட்டையின் கடைசி வரியில்தான் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மரத்தை நர்சரிக்குக் கொண்டுபோய் இரண்டு வாரம் ஓய்வு கொடுக்க வேண்டுமாம். அலுவலகச் சூழல் அதற்கு அலுப்பாம். முப்பத்தொரு வருடத்தில் எங்களில் யாரையாவது பார்த்து அப்படி ஒருவர் சொன்னதுண்டா? இருந்தாலும் பொறாமைப்படவில்லை. மரம் லீவில் போகிற தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன். "பதினாலு நாள் நான் ஜன்னல்ல இருப்பேன், பார்த்துக்கோ" என்று உங்கள் அத்தையிடம் சொல்லி, சலவைச் சட்டையும் போட்டுக்கொண்டு போனேன். உங்கள் ஆட்கள் இரண்டு பேர் வந்து மரத்தை லிஃப்டில் இறக்கினார்கள். மரத்தோடு வேறு யாரும் ஏறக் கூடாது என்றதால் நாங்கள் எல்லோரும் படியில் இறங்கி ஏறினோம். நான் ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு போய் என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். அப்போது மணி ஒன்று ஐம்பது. இரண்டு ஒன்றுக்கு லிஃப்ட் திறந்தது. உள்ளே இன்னொரு மரம்.

"மாத்து மரம் சார். ஒரு நாள்கூட இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு உங்க மாப்பிள்ளை ஆர்டர்" என்றார்கள்.

மாடிப்படி ஓரத்தில் இருந்த காலத்தில், மஞ்சள் காமாலையில் நான் இருபத்திரண்டு நாள் படுத்திருந்தேன். என் மேசைக்கு மாற்று ஆள் வரவில்லை. திரும்பிப் போனபோது எல்லா ஃபைலும் எனக்காகவே காத்திருந்தது.

அத்தையின் நிலைமையைக் கேளுங்கள். "அண்ணாந்து பார்த்தா மரம் நிக்குது. பழக்கதோஷத்துல கையைத் தூக்கிடறேன். யாருக்கும்மா டாட்டா காட்டறேன்னு கடையில எல்லாரும் கேக்கறாங்க" என்று சொல்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது. பெண்ணைக் கொடுத்தேன், சந்தோஷமாகக் கொடுத்தேன். ஜன்னலை நான் கொடுக்கவில்லை, அதை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்.

இனி பாசிச் சுவர். இந்தக் கடிதமே அதற்காகத்தான். என் முகத்துக்கு நேரே, பதிவேட்டு அலமாரிக்கு மேலே, சுவர் முழுக்கப் பாசியை ஒட்டினீர்கள். திறப்பு விழாவில் மேலாளர் அதைத் தடவிக்கொண்டே, "இது உயிருள்ள சுவர்" என்று பேசினார், எல்லோரும் கை தட்டினோம். மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வருகிறது, மற்ற தொட்டிகளுக்கு வருகிறது, பாசியை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. என்னைப் போலவே அதுவும் இருட்டு மூலையில் கேட்பாரற்றுக் கிடக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. என் தண்ணீர் பாட்டிலிலிருந்து தினமும் கொஞ்சம் தெளித்தேன், பிறகு குவளையால் ஊற்றினேன். இரண்டு மாதம். முதலில் ஒரு வாடை வந்தது, பிறகு சுவரிலிருந்து பச்சைத் தண்ணீராக வழிந்து அலமாரிக்குள் இறங்கி, பதினேழு வருடத்துப் பதிவேடுகளில் பாலிசிதாரர்கள் எல்லோரும் பச்சையாகிவிட்டார்கள். மேலாளர் பதறிப்போய் உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டால் அங்கே ஒரு பெண் சாவகாசமாக, "சார், அது செத்த பாசி. பதப்படுத்தி சாயம் போட்டது. அதுல தண்ணியே படக் கூடாதே" என்றாளாம்.

எனக்கு மெமோ வந்துவிட்டது. என் வாழ்க்கையின் முதல் மெமோ. "உயிரற்ற தாவரத்துக்கு நீர் ஊற்றி அலுவலக ஆவணங்களைச் சேதப்படுத்தியதற்கான காரணத்தை மூன்று நாட்களுக்குள் விளக்கவும்." விளக்கம் சரியில்லை என்றால் மிச்சமிருக்கிற எட்டு மாதமும் கீழ்த்தளத்துக் கிடங்கில்தான். அங்கே ஜன்னல் என்பதே கிடையாது. ஆகவே நீங்கள் மேலாளருக்கு ஒரே ஒரு வரி எழுதித் தர வேண்டும்: பாசி உயிரற்றது என்பதை ஊழியர் யாரிடமும் நான் தெரிவிக்கவில்லை, தவறு என்னுடையது. மற்ற மூன்று கிளைகளின் வேலையையும் உங்களுக்கே தருவதாக மேலாளர் சொல்லியிருப்பது எனக்குத் தெரியும். இந்த ஒரு வரி அதற்கு இடைஞ்சலாகலாம். ஆனாலும் முப்பத்தொரு வருடப் பெயர் என்று ஒன்று இருக்கிறது. கையோடு அந்த மரத்தையும் ஜன்னலைவிட்டு எடுத்துவிடுங்கள். மாமனார் கேட்கிறேன், இதுவரை எதுவும் கேட்டதில்லை.

என் மகளுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் வாழ ஆசீர்வதிக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள், சாய்வு நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
ஒளிநகல் இயந்திரத்துக்குப் பக்கத்திலிருந்து.

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் உங்கள் அத்தை இதை வாங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "அன்னிக்குச் சாப்பிடும்போது மாப்பிள்ளை சொன்னாரே, அது செத்த பாசி, தண்ணி படக் கூடாதுன்னு. பட்டா என்ன ஆகும்னு நீங்கதானே ரெண்டு தடவை கேட்டீங்க?" என்றாள். கேட்டேன்தான். மறைத்து என்ன பயன், தெரிந்தேதான் ஊற்றினேன். ஒன்று அழுகினால் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துப் போவீர்கள் என்று நினைத்தேன். இன்று காலை மெமோவுக்குப் பதில் கொடுத்துவிட்டேன், முழுத் தவறும் என்னுடையது என்று. நீங்கள் எந்த வரியும் எழுத வேண்டாம். மூன்று கிளைகளையும் செய்யுங்கள். வெளிச்சத்தை அளக்கிறபோது, அந்த நாற்காலிக்காரன் அங்கிருந்து யாரைப் பார்க்கிறான் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மரத்தையும் எடுக்க வேண்டாம். "நானும் பதிலுக்குக் கை அசைப்பேன்" என்று மேலே எழுதியிருக்கிறேனே, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "நீங்க எப்போ கை அசைச்சீங்க? பத்தொன்பது வருஷமா ஒருதரம் பார்ப்பீங்க, உடனே ஃபைலுக்குள்ள குனிஞ்சுடுவீங்க. மரமாவது ஏ.சி. காத்துல ரெண்டு இலைய ஆட்டுது." எனக்கு அசைத்ததாகத்தான் ஞாபகம். ஆனால் கீழே நின்று பார்த்தவள் அவள். கிடங்குக்கு அனுப்புகிற உத்தரவு வர இரண்டு நாளாகும். நாளை இரண்டு பத்துக்கு மரத்துக்குப் பின்னால் போய் நின்று, ஒரு கிளையைப் பிடித்து நன்றாக ஆட்டப் போகிறேன். ஐந்து இலைக்கு மேல் உதிர்ந்தால் உங்கள் எண்ணுக்கு நானே தெரிவிக்கிறேன்.