குனிந்து பார்க்கிறவரும் கேரவனின் புகைக்குழாயும்

வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் நம்மிடையே உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வழியில் ஒரு வண்டி நின்றுவிட்டால் போதும், ஓட்டுநர் இறங்குவதற்குள் இவர் வந்துவிடுவார். எங்கிருந்து வந்தார் என்று கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது. முழங்காலில் இரண்டு கைகளையும் ஊன்றி, தலையைச் சாய்த்து, அடியில் பார்த்து, "ம்" என்பார். அந்த ஒற்றை "ம்"முக்குள் அந்த வண்டியின் தலையெழுத்தும், அதைக் கடைசியாகக் கழற்றிப் பூட்டியவனின் அறியாமையும், தன்னிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்காமல் போன உலகத்தின்மேல் சின்ன வருத்தமும் அடங்கியிருக்கும்.

எல்லா ஊரிலும் கிடைக்கிற இனம்தான். ஆனால் ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை விளைவது தனி ரகம். இந்த ரகத்துக்குக் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும். விடுமுறை நாளிலும் தொங்கும். குனியும்போது அது முகத்தில் மோதாமலிருக்கச் சட்டைப் பைக்குள் செருகிக்கொள்வார். பேச்சு "எங்க கம்பெனியில" என்று தொடங்கும். எங்கே முடியும் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

நரசிம்மனை எடுத்துக்கொள்வோம். வடக்குப்பட்டுக்காரன், இருபத்தாறு வயது, பி.இ. மெக்கானிக்கல், வீட்டில் முதல் பட்டதாரி. பட்டம் வாங்கி வந்த அன்றே பெரியப்பா ஓடாத மிக்சியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். மறுநாள் சித்தி ரேஷன் கார்டு மனுவோடு வந்தாள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு எருமை இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். "படிச்ச புள்ள, நீ சொல்லு" என்று அவனையும் எருமையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவன் படிப்புக்காக நிலத்தை விற்ற அப்பா பக்கத்தில் நிற்கிறார். அந்த இடத்தில் "தெரியாது" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நரசிம்மன் முழங்காலில் கை ஊன்றி, எருமையைக் குனிந்து பார்த்து, "ம்" என்றான்.

அன்றைக்கு ஆரம்பித்தது.

கம்பெனியிலோ மூன்று வருடமாக அவனை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. அவன் முன்னால் பாகங்கள் வரும். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், சரியில்லை என்றால் "ரிஜெக்ட்" என்று இடது பக்கத்துச் சிவப்புத் தொட்டி. எட்டு மணி நேரமும் இதுதான். உள்ளே கருத்துகள் ஊறிக்கொண்டே இருக்கின்றன, வடிகால் வேண்டாமா? வடிகால் சுங்குவார்சத்திரத்தில் இருந்தது. லூர்தம்மாளின் டீக்கடையை ஒட்டி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கம்பெனி லைன் வேலைக்கு வந்து அதை உதறிவிட்ட இசக்கி, சைலன்சர் பட்டறை போட்டிருந்தான். இரவு ஷிப்ட் வாரங்களில் நரசிம்மனின் பகல் அங்கேதான் கழியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பட்டறைக்கு ஒரு கேரவன் வந்தது. படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகும் வீட்டு வண்டி. கட்டில், சோபா, ஆளுயரக் கண்ணாடி, கழிவறை எல்லாம் உள்ளேயே. புகைக்குழாய் துருப்பிடித்து உளுத்துப்போயிருந்தது. போதாததற்கு, குழாயின் வாய் பின் ஜன்னலுக்கு நேர் கீழே. ஓடும்போது புகை சுழன்று உள்ளே ஏறும். மேக்கப் பெட்டிகளோடு உள்ளே பயணம் செய்கிற உதவியாளர் ஜாஸ்மின் போன மாதத்தில் இரண்டு முறை படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது முறை உட்கார்ந்தால் வேறு பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றும் அவள் வண்டியோடு வந்திருந்தாள். மாலை நான்கு மணிக்கு ஒகேனக்கல் கிளம்ப வேண்டும்.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. இனி இரண்டு மணிக்குத்தான் வரும், அதுவரை வெல்டிங் கிடையாது. ஒரு வண்டி, ஐந்து பேர், சும்மா இருக்கும் இரண்டு மணி நேரம். யோசனை விளைய இதைவிட நல்ல பருவம் உண்டா?

"புதுக் குழாய எந்தப் பக்கம் வுடலாம்?" என்று ஓட்டுநர் பகலவன் இசக்கியைப் பார்த்துத்தான் கேட்டார்.

"பக்கத்த வுடுங்கண்ணா," என்றான் நரசிம்மன். அட்டை பைக்குள் போயிற்று. குனிந்தான். "ம். மொதல்ல ரூட் காஸ் இன்னான்னு பாக்கணும். எங்க கம்பெனியில அஞ்சு தபா 'ஏன்'னு கேப்பாங்க."

"சார், வலது பக்கம் பின் சக்கரத்துக்கு அந்தால..." என்று இசக்கி ஆரம்பித்தான்.

"இரு இசக்கி. டேட்டா வரட்டும்."

சாக்பீஸ் எடுத்துப் பட்டறை ஷட்டரில் எழுதினான். ஏன் தலைசுற்றல்? புகை. ஏன் புகை? ஓட்டை. ஏன் ஓட்டை? துரு. ஏன் துரு? தண்ணீர். ஏன் தண்ணீர்? மழை. ஐந்து ஆயிற்று. மழையை யார் ரிப்பேர் செய்வது?

"மழைய அப்பறமா கேட்டுக்கலாம் தம்பி," என்றாள் லூர்தம்மாள். "என் கட பக்கம் மட்டும் புகைய வுட்றாத. வட பூரா கருகின வாசன வரும்."

"இப்ப வராத மாதிரி," என்றான் இசக்கி.

"நீ பாக்கி வைக்காம துன்னுட்டு அப்பறம் பேசு."

நரசிம்மன் ஷட்டரிலிருந்து இரண்டடி பின்னால் வந்து, எழுதியதைப் பார்த்து, தீர்ப்பு சொன்னான். "லெப்ட். எங்க கம்பெனியில வேண்டாததெல்லாம் லெப்ட் சைடுலதான் போவும்."

"லெப்டுல வாசப்படி இருக்கு சார்," என்றான் இசக்கி மெதுவாக.

"சிஸ்டம்னு ஒண்ணு கீது இசக்கி."

இசக்கி வாதாடவில்லை. வாடிக்கையாளர்களைவிட யோசனைக்காரர்கள் அதிகம் வரும் தொழிலில் இருப்பவன். "சரி சார், கிளாம்பு போட்டு நிறுத்துதேன். ஓட்டிப் பாத்துட்டு, கரண்ட் வந்ததும் வெல்டு வைக்கேன்" என்று புதுக் குழாயை இடது பக்கம், படிக்குச் சற்றுப் பின்னால் திருப்பி மாட்டினான்.

வல்லக்கோட்டை வரை போய்த் திரும்பலாம் என்று பகலவன் ஏறினார். படியில் கால் வைத்த ஜாஸ்மின் திரும்பிப் பார்த்தாள். "சார், நீங்களும் வாங்களேன். சொன்னவங்க கூட இருந்தா எனக்கும் தைரியமா இருக்கும்."

இந்த இனம் வண்டிகளுக்கு அடியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறது. உள்ளே ஏறி உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. நரசிம்மன் ஏறினான்.

வழியெல்லாம் கார் ஏற்றும் நீள லாரிகள் மறித்து நின்றன. ஒவ்வொரு முறை வண்டி நின்றபோதும், கதவிடுக்கில் புகை விருந்தாளியைப் போலத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் அவனுக்குக் கண் எரிந்தது. ஐந்தாவதில் நெற்றிப்பொட்டில் யாரோ விரலால் தட்டுவதுபோல் இருந்தது.

"எப்டி சார் இருக்கு?" என்றாள் ஜாஸ்மின்.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்." இந்த வாக்கியம் இந்த இனத்தார் எல்லோரிடமும் எப்போதும் தயாராக இருக்கும். நரசிம்மனுக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் அவள் கையைப் பார்த்தான். புத்தம்புதிய பிளாஸ்டிக் கவர் ஒன்றை வாந்திக்கென்று நான்காக மடித்து வைத்திருந்தாள். அவன் சொன்ன பிறகும், அவனை நம்பி ஏறிய பிறகும், கவரை விடவில்லை. ஒகேனக்கல் போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆகும்.

எருமை ஞாபகம் வந்தது. அது என்ன ஆயிற்று என்று அவன் கடைசிவரை விசாரிக்கவே இல்லை.

"இது ரிஜெக்ட்டும்மா," என்றான். "நான் சொன்னது தப்பு. வண்டிய திருப்பச் சொல்லு."

கரண்ட் வந்ததும் இசக்கி குழாயை வலது பக்கம் கொண்டுபோனான். பின் சக்கரத்தைத் தாண்டி, துணி அலமாரியின் முதுகுக்குக் கீழே, மேலே ஜன்னலோ கதவோ இல்லாத இடமாகப் பார்த்து, வண்டியின் விளிம்புக்கு வெளியே இரண்டு விரற்கடை நீட்டி, வாயைக் கொஞ்சம் கீழ்நோக்கி வெட்டி வெல்டு வைத்தான். முக்கால் மணி நேர வேலை. மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். ஜாஸ்மின் இறங்கி நேராக லூர்தம்மாளிடம் போய், மடித்து வைத்திருந்த கவரை உதறிப் பிரித்து, அதிலேயே நான்கு வடை வாங்கிக்கொண்டாள்.

வண்டி போன பிறகு நரசிம்மன் கேட்டான். "உனக்கு மொதல்லயே தெரியுமா இசக்கி?"

"தெரியும் சார்."

"அப்ப சொல்றதுக்கு இன்னா?"

"ரெண்டு மட்டம் வாயத் தொறந்தேன். நீங்க மூச்சு விட்டாத்தான சார்."

இத்தோடு நரசிம்மன் திருந்தினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் மறுநாளே டீக்கடைக்கு எதிரில் ஒரு ஷேர் ஆட்டோ புகை கக்கிக்கொண்டு நின்றது. அட்டை பைக்குள் போயிற்று, கை முழங்காலுக்குப் போயிற்று. "ரைட் சைடுல வைக்கணும்யா. ஜன்னல் கீழ வைக்கக் கூடாது. நான் உள்ள உக்காந்து பாத்தவன்." ஒரு வித்தியாசம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லி முடித்தவன் ஒரு நொடி நிறுத்தி, "இன்னா இசக்கி, சரிதானே?" என்று திரும்பிப் பார்த்தான்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இசக்கி குழாயை வலது பக்கம் திருப்பிய இடத்தை வாசித்தபோது, "அதெதற்கு, கூரை வழியாக மேலே விட்டிருக்கலாமே" என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா இல்லையா? கேட்டிருந்தால், மெல்லக் குனிந்து உங்கள் கைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.

முழங்காலில்தானே?