சக்கரம் வைத்த ஏ.சி.

சித்திரை பத்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஏ.சி. வாங்கியே தீருவது. தலை போனாலும் சரி. அது ஏற்கனவே பாதி வெந்துதான் இருந்தது.

வைகாசியில் எனக்குத் துறைத் தேர்வு. மூன்றாவது தடவை. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த என் மைத்துனன் முதல் தடவையிலேயே தேறிவிட்டான். என் மனைவி உலகம்மாள் அதைச் சொல்லிக் காட்டுவதே இல்லை. சோறு போடும்போது மட்டும்தான் சொல்வாள்.

நான் படிப்பது வீட்டின் மேற்கு மூலையில் இருக்கும் சின்ன அறையில். அதற்குள் நாற்காலி போட்டால் மேசை வெளியே வரும். பாளையங்கோட்டை வெயில் மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே வந்ததென்றால் ஆறு மணி வரை எழுந்து போகாது. மின்விசிறியைப் போட்டால் சுடுகாற்றை எல்லா மூலைக்கும் சமமாகப் பங்கு வைக்கும். சுவரில் மாட்டுகிற ஏ.சி.க்கு வழியில்லை. வீட்டுக்காரம்மா ஆசியா உம்மாள் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "சுவத்துல ஓட்ட போட்டியன்னா, அந்த ஓட்ட வழியாவே வெளிய போயிருங்க."

உலகம்மாளிடம் போனேன். அவள் அடுக்களையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏளா, போர்ட்டபிள் ஏ.சி. ஒண்ணு வாங்கப் போறேன்."

"என்னது? போட்டா பில்லா?"

"போர்ட்டபிள். சக்கரம் வச்சிருக்கும். எங்கன வேணும்னாலும் உருட்டிக்கிடலாம்."

"மூணு வருசமா இந்த அடுக்களைக்குப் புகைய வெளிய தள்ளுத விசிறி ஒண்ணு கேக்கேன். 'பாப்போம் பாப்போம்'னிய. இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கிய."

"இது தேர்வு விசயம். அதுவும் இதுவும் ஒண்ணா?"

முகத்தைத் துடைத்த முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"சரி, வாங்குங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் 'சரி' என்று சொன்னது அது மூன்றாவது தடவை. முதல் இரண்டும் நகைக்கடையில். நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

வண்ணார்பேட்டையில் நேசையா அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

"ஏற்கனவே வீட்டுல ஏ.சி. இருக்கா?" என்றார்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஏசிக்கிட்டுத்தான் இருக்கு, அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. அனுபவசாலி. மூன்று பெட்டிகளைக் காட்டினார். முதலாவதைப் போட்டதும் பாபநாசம் பஸ் மலையேறுகிற சத்தம் கேட்டது. அதன் பக்கத்தில் படித்தால் ஒரு வரி மண்டையில் ஏறாது. டிக்கெட்தான் எடுக்கத் தோன்றும். இரண்டாவது கையடக்கமாக, அழகாக இருந்தது.

"இதுக்குக் குழாயே இல்லையே? தொந்தரவு இல்லாம இருக்கே!"

"அது ஏ.சி. இல்ல தம்பி, தண்ணி ஊத்துத கூலரு. உள்ள இருக்க சூட்ட வெளிய தள்ளணும்னா குழாய் இல்லாம முடியாது."

மூன்றாவது ஒரு டன். உறுமல் குறைவு. அதுதான் என்று விரலை நீட்டினேன்.

"பொறுங்க. மூணு விசயம் வேணும். குழாய வெளிய விட ஒரு ஜன்னல். குளிரு நிக்கதுக்குச் சரியாச் சாத்துத கதவு. பெறவு பெரிய பிளக் பாயிண்ட். வீட்டுல ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க."

போன் போட்டேன்.

"ஏளா, குழாய் விடுத மாதிரி ஜன்னலு இருக்கால்லா?"

"இருக்கு."

"கதவு ஒழுங்காச் சாத்துமா?"

"சாத்தும்."

"பெரிய பிளக்கு?"

"இருக்கு. வேற எதும் கேக்கணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்."

"நல்லா யோசிச்சுக்கிடுங்க."

"நான் யோசிச்சுத்தாம்ளா பேசுதேன்!"

ஆட்டோவில் ஏ.சி.யைப் பக்கத்தில் உட்காரவைத்து, தோளில் கை போட்டுக்கொண்டு வந்தேன். சின்ன அறைக்குள் உருட்டினேன். வயரை எடுத்தேன். பிளக் நுழையவில்லை. அங்கே இருந்தது செல்போன் சார்ஜ் போடுகிற சின்ன பாயிண்ட். விடாமுயற்சியோடு அழுத்தினேன். வேர்த்ததுதான் மிச்சம்.

"பெரிய பிளக்கு இருக்குன்னியே!"

"இருக்கே. அடுக்களையில. கேஸ் தீந்தா கரண்டு அடுப்பு போடுதேன்லா?"

"ஜன்னலு?"

"அடுக்களை ஜன்னலு."

"கதவு?"

"மொளகா வத்தல் தாளிக்கும்போது சாத்துத கதவு."

"நான் கேட்டது என் ரூமுக்கு!"

"ரூமுன்னு எங்க சொன்னிய? நம்ம வீட்டுக்குள்ளதான அடுக்களை இருக்கு?"

எடுத்த வயரைத் திரும்பச் சுருட்டினேன்.

"எலக்ட்ரீசியன் மந்திரமூர்த்தி வந்து உங்க ரூமுக்கு வயரு இழுக்க வரைக்கும் அடுக்களையில கெடக்கட்டும். பெறவு பைய உருட்டிக்கிடலாம். அவனுக்கு நானே போன் போடுதேன்" என்றாள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஊட்டி இருந்தது. அடுக்களையில். நானும் சும்மா விடுகிற ஆளா? தேர்வுப் புத்தகத்தோடு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு அங்கேயே குடியேறினேன். முதல் நாள் நிம்மதியாகப் படித்தேன். இரண்டாம் நாள், "கை சும்மாதான இருக்கு?" என்று ஒரு கிண்ணம் வெள்ளைப்பூடு வந்தது. மூன்றாம் நாள் கண்ணைக் கரிக்கிற உள்ளி. நான்காம் நாள் தேங்காயும் துருவியும். ஐந்தாம் நாளிலிருந்து புத்தகம் அவள் கையில், கத்தி என் கையில்.

"ஈட்டிய விடுப்பு யாருக்குக் கெடையாது?"

"தற்காலிகமா..."

"வெண்டைக்காய இன்னும் பொடிசா நறுக்குங்க. ம், தற்காலிகமா?"

மந்திரமூர்த்தி வரவே இல்லை. "போன் போட்டேன், வாரேன்னான்" என்பாள் தினமும். பத்தாம் நாள் பொறுமை தீர்ந்தது. இரண்டில் ஒன்று பார்க்காமல் திரும்புவதில்லை என்று கிளம்பினேன். முருகன்குறிச்சி டீக்கடையில் அவனைப் பிடித்தேன்.

"என்னவே, பத்து நாளா ஆளயே காணோம்? வயரு இழுக்கணும்லா?"

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கிய? ஐப்பசி மழை விழுந்த பெறவு வந்தாப் போதும்னுலா அக்கா சொன்னாக. அதுக்கு முன்னால வந்தா காப்பி கெடையாதுன்னும் சொல்லிட்டாக."

உச்சி வெயிலில் வீட்டை நோக்கி நடந்தேன். இன்று கேட்டே ஆக வேண்டும். என்னென்ன கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஒன்பது கேள்விகள் தேறின. செருப்பைக் கூடக் கழற்றாமல் அடுக்களைக் கதவைத் தள்ளினேன்.

ஜில்லென்று முகத்தில் அடித்தது. நெஞ்சு வரைக்கும் இறங்கியது. ஒன்பதில் ஏழு கேள்விகள் அங்கேயே மறந்துபோயின.

உலகம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கதவச் சாத்துங்க. குளிரு போவுதுல்லா?"

சாத்தினேன். உள்ளே நின்றுகொண்டுதான்.

சேனைக்கிழங்கு நறுக்கினால் எனக்குக் கை அரிக்குமே என்று, தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றித் தயாராக வைத்திருந்தாள்.